தறிச் சத்தமும் நீர் கோத்த காதும்: 27 மாதக் குழந்தையின் பேச்சுத் தாமதம் குறித்த நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பிள்ளை ஒரே ஒரு பிள்ளை அல்ல. சேலம் வட்டாரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரப்படும் குழந்தைகளிடம் சேர்ந்தே தென்படும் சில கூறுகளை ஒருவன் மேல் ஏற்றி, பயிற்சி பெறுவோருக்காக அமைத்த நிகழ்வு. சொல் எண்ணிக்கையும் ஒலி அளவீடுகளும் இந்த நிகழ்வுக்கானவை. வயது வரம்புகளும் சோதனை முறைகளும் நடைமுறையில் உள்ளவை.

வந்த காரணம்

ஆண் குழந்தை, 27 மாதம். கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிக் குடும்பம். வீட்டுச் சுவரை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகள், காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு வரை ஓடுபவை. பாட்டி, தாத்தா, அப்பா மூவரும் தெலுங்கு பேசுகிறார்கள். அம்மா பிறந்தது ஏற்காட்டு மலையில், பிள்ளையிடம் பேசுவது தமிழ். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி.

"பேச்சு வரல" என்பதுதான் புகார். வருமுன்பே வீட்டில் மூன்று விளக்கங்கள் இருந்தன. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாரு." "நாக்கு அடியில ஒட்டியிருக்கு." மூன்றாவதுதான் செயலுக்கு வந்தது: "ரெண்டு பாஷ பேசுனா கொழந்தைக்குக் கொழப்பமாயிரும், தமிழ் மட்டும் பேசுங்க." சேர்க்கை கேட்டுப் போன மழலையர் பள்ளியில் இப்படிச் சொல்லியிருந்தார்கள். ஆறு வாரமாகப் பாட்டி பேரனிடம் தெலுங்கு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த ஆறு வாரத்தில் புதிதாக ஒரு சொல்லும் சேரவில்லை.

சுட்ட வசம்பை உரைத்து நாக்கில் தடவியதும் நடந்திருக்கிறது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வாந்தி வரும், பேச்சு வராது. அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இன்னும் ஆபத்து, தேன் வழியாக பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நோய் வரக்கூடும்.

முன் வரலாறு

நிறைமாதப் பிரசவம், எடை 2.9 கிலோ. பிறந்த மூன்றாம் நாள் செவிச் சோதனையில் தேறியிருந்தான். ஏழு மாதத்தில் உட்கார்ந்து, 13 மாதத்தில் நடந்தான். எட்டு மாதத்தில் "பபப", "மமம" என்று மழலை அடுக்கியிருக்கிறான். பத்து மாதமாகியும் இப்படி மெய்யும் உயிரும் சேர்த்து அடுக்காத பிள்ளையின் காதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவனுக்கு அந்தக் கட்டம் சரியாகவே வந்தது. முதல் சொல் 14 மாதத்தில்: "தாத்தா". 18 மாதத்தில் ஏறக்குறைய பத்துச் சொல். அதன்பின் வேகம் விழுந்துவிட்டது.

அந்தக் காலத்தை அம்மாவிடம் துருவிக் கேட்டபோது கிடைத்தவை: அடிக்கடி சளி. வாயைத் திறந்துகொண்டு தூக்கம், குறட்டை. தூளியில் படுத்தபடியே பால்புட்டி. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லி ரிமோட்டைக் கொண்டுவந்து நீட்டுவது. பிறகு, யாரும் கேட்காமலே அவர் சொன்ன ஒன்று: ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் பாதி வளைவுக்குள் காதைப் பிய்த்துக்கொண்டு அழுவான், ஏறும்போது அவ்வளவு இல்லை.

இது வெறும் பயண அலுப்பு அல்ல. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழ். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1200 மீட்டர் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து காற்றை உள்ளே விட்டால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். ஏறும்போது உள்ளே மிஞ்சும் காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது அடைத்த குழாய் திறக்காது, செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். இறக்கத்தில் மட்டும் அழும் பிள்ளையிடம் அந்தக் குழாயைச் சந்தேகிக்கலாம்.

சொல்லை எண்ணிய விதம்

"எத்தனை சொல் பேசுவான்?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் வராது. அம்மா சொன்னது "ஒரு பத்து". ஆட்கள், தீனி, உடல், விலங்கு, வண்டி, செயல், மறுப்பு என்று வகை வகையாகக் கேட்டு எழுத வேண்டும். ஒரு சொல்லைக் கணக்கில் சேர்க்க இரண்டே நிபந்தனை: அவன் தானாகச் சொல்ல வேண்டும், ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. மம்மு, தாச்சி, உவ்வா, டாட்டா எல்லாமே சொற்கள்தான். நாயைப் பார்த்து "பவ்பவ்" என்றால் அதுவும் சொல்.

பாட்டியிடம் தனியாகக் கேட்டதில், அம்மா அறியாத 12 சொற்கள் கிடைத்தன. மொத்தம்: தமிழ் 15, தெலுங்கு 14, இரண்டுக்கும் பொதுவானவை 5, ஆக 34. இவற்றில் தண்ணி–நீள்ளு, நாய்–குக்க, வா–ரா மூன்றும் இணைகள். எனவே கருத்துகள் 31. ஒரு சிக்கல் "இங்கா". அம்மாவிடம் சொன்னால் பால், பாட்டியிடம் சொன்னால் 'இன்னும் வேண்டும்'. ஆளுக்கு ஏற்ற பொருளோடு சொல்கிறான் என்பதால் இரண்டு சொல்லாக எடுத்தாயிற்று. மொழி குழம்பிய பிள்ளை இப்படி ஆள் பார்த்துப் பிரிக்க மாட்டான்.

தமிழை மட்டும் எண்ணியிருந்தால் 20 சொல்லோடு நின்று, நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரிந்திருக்கும். அதற்காகத் தாமதமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 24 மாதத்தில் 50 சொல்லுக்குக் குறைவு, அல்லது இரு சொல் சேர்க்கை இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலே தாமதப் பேச்சு என்று கொள்கிறோம். 27 மாதத்தில் இவனிடம் இந்த இரண்டு குறையுமே இருந்தன. இரு மொழிப் பிள்ளைக்கும் இதே வரம்புதான், எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. 'ரெண்டு பாஷ, அதான் லேட்' என்று தள்ளிப்போடுவதும் தெலுங்கை நிறுத்தச் சொன்னதற்கு இணையான பிழை.

சோதனையில் கண்டது

விரல் நீட்டிக் காட்டுகிறான். தான் காட்டியதை நாம் பார்த்தோமா என்று திரும்பி முகத்தைப் பார்க்கிறான். பொம்மைக்குச் சோறூட்டுகிறான். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான இருபது கேள்வி ஆட்டிசப் பட்டியலில் ஆபத்து குறைவு என்றே வந்தது. ஏற்கெனவே வந்த சொல் எதையும் இழக்கவில்லை. இழந்திருந்தால் எந்த வயதானாலும் அவசரமாக அனுப்ப வேண்டியிருக்கும். நாக்கின் அடிச்சவ்வு சற்றுக் குட்டைதான், ஆனால் நாக்கு உதட்டைத் தாண்டி வருகிறது. நாக்கு ஒட்டு சில ஒலிகளை மழுக்கலாம், சொற்களே இல்லாமல் செய்யாது. வெட்டவேண்டிய தேவை எழவில்லை.

வழி காட்டியது புரிதல் சோதனை. ஆறு பொருட்களை எதிரே வைத்து, அரை மீட்டர் தூரத்தில் முகம் பார்த்து, கைச்சாடையோடு "பந்தக் குடு", "செருப்பக் குடு" என்று கேட்டால் பத்துக்கு எட்டு. மின்விசிறியை நிறுத்தி, இரண்டு மீட்டர் பின்னாலிருந்து சாடை இல்லாமல் கேட்டால் பத்துக்கு மூன்று. பாட்டியைத் தெலுங்கில் கேட்கச் சொன்னபோதும் அதே எட்டு, அதே மூன்று. மொழிக் குழப்பம் என்றால் ஒரு மொழியாவது வேறு எண்ணைக் காட்டியிருக்க வேண்டும். மாறியது தூரமும் முகமும் சாடையும் மட்டுமே.

அவன் பயன்படுத்திய ஒலிகளும் அதே பக்கம் சாய்ந்தன. ப, ம, வ என்று உதட்டில் பார்க்கக்கூடியவை நிறைய. ச, க, ல அரிது. சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் இல்லை.

காது–மூக்கு–தொண்டைப் பிரிவில் எடுத்த டிம்பனோமெட்ரியில், அதாவது காற்றழுத்தத்துக்குச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனையில், இரண்டு காதும் தட்டைக் கோடு, அதாவது பி வகை. கூடவே வரும் காதுக் கால்வாயின் கொள்ளளவைப் பார்க்காமல் இந்தக் கோட்டை நம்பக்கூடாது. கொள்ளளவு மிகக் குறைவென்றால் குறும்பியோ, கருவி முனை சுவரில் முட்டியதோ காரணம். மிக அதிகமென்றால் செவிப்பறையில் ஓட்டை. இவனுக்கு 0.5, 0.6 மில்லிலிட்டர், இந்த வயதுக்கு இயல்பான அளவு. ஆகவே, செவிப்பறைக்குப் பின்னால் நீர்.

ஒலி வந்த பக்கம் திரும்பினால் பொம்மைக்கு விளக்கு எரியும் முறையில் கேட்டல் அளவு, அதாவது கேட்க முடிந்த மிகக் குறைந்த ஒலி, எடுத்தோம். 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபல், 1000இல் 35, 2000இல் 30, 4000இல் 35. எலும்பு வழிக் கேட்டல் 10 முதல் 15. உள்காது நன்றாக இருக்கிறது, தடை நடுக்காதில். உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பிடிக்கும் ஓஏஈ சோதனையில் பதில் இல்லை. நீர் இருக்கும்போது உள்காது நன்றாக இருந்தாலும் பதில் வராது, அதை நரம்புக் கோளாறு என்று படித்துவிடக் கூடாது. இங்கே நம்பகமான பதில்கள் கிடைத்ததால் தூங்கவைத்துச் செவி நரம்பின் மின்பதிவை எடுக்கும் பெரா சோதனை தேவைப்படவில்லை.

பிறந்தபோது தேறிய சோதனை இங்கே எவரையும் காப்பாற்றவில்லை. அது அன்றைய காதைப் பற்றிய சான்று. நீர் கோத்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து.

ஒரு நாளில் அவன் காதில் விழுந்தது என்ன

வீட்டில் ஒலி அளவு எடுத்தோம். கைப்பேசிச் செயலி துல்லியமானது அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். தறிக் கொட்டகைக்குள் 92 டெசிபல். பாட்டியும் பேரனும் இருக்கும் நடு அறையில், கதவு திறந்தபடி 72, கதவை மூடினால் 63. தறி நின்ற இரவில் 42.

ஒரு மீட்டரில் சாதாரணப் பேச்சு 60 முதல் 65 டெசிபல். மொழி கற்கும் பிள்ளைக்குப் பேச்சு இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருந்தால் நல்லது. பகலில் இவனுக்குப் பேச்சு இரைச்சலுக்குக் கீழே கிடந்தது. பெரியவர்கள் அந்த இரைச்சலிலும் பேசிக்கொள்கிறார்களே என்றால், அவர்களுக்கு மொழி முன்பே தெரியும். பாதி கேட்டு மீதியை நிரப்பிக்கொள்கிறார்கள். நிரப்ப அவனிடம் இன்னும் ஒன்றும் சேரவில்லை.

நடுக்காது நீர் இரைச்சலையும் பேச்சையும் ஒரே அளவு குறைக்கும். எனவே தறி ஓடும் நேரத்தில் தடையாக இருந்தது பெரும்பாலும் இரைச்சல். தறி நின்ற பிறகு தடை நீர்: 60 டெசிபல் பேச்சு 30 டெசிபல் போலக் காதை எட்டும், அது ஏறக்குறைய கிசுகிசுப்பு. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் சுமாரான காரணங்களே. சேர்த்துப் பார்த்தால் தெளிவாகக் கேட்கும் நேரம் என்று ஒன்று அந்தப் பிள்ளையின் நாளிலேயே இல்லை, எந்த மொழியிலும்.

தமிழில் இது எங்கே அடிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். பேச்சுத் தமிழில் பொருளைச் சுமப்பது சொல்லின் வால். வீட்ல, வீட்டுக்கு, வீட்ட. 'வந்தான்', 'வந்தாள்' இரண்டும் வாயில் ஏறக்குறைய 'வந்தா'தான். கடைசி உயிர் மூக்கில் ஒலித்தால் அவன், இல்லையென்றால் அவள். நன்றாகக் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வயதிலேயே வினை ஈறுகளை வியப்பூட்டும் அளவுக்குச் சரியாகப் போடுவார்கள், ஏனென்றால் நம் ஈறுகள் ஒழுங்கானவை, திரும்பத் திரும்ப வருபவை. ஆனால் அவை மெலிதாக, கடைசியில் வருபவை. முதலில் கரைவதும் அவையே.

ஒலிகளைப் பிரித்தறியும் பழக்கமும் முதலாண்டிலேயே கூர்படுகிறது. ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தி மொழியில் நாக்கு பல்லைத் தொடும் ஒலியையும் நாக்கு மடங்கும் ஒலியையும், நம் த–ட போன்ற வேறுபாட்டை, பிரித்துக் கேட்டார்கள். 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலோர் அதை இழந்தார்கள் என்று வெர்க்கரும் டீஸும் 1984இல் காட்டினர். இவனுக்கு முதலாண்டில் காது நன்றாக இருந்தது சாதகம். த–ட, ல–ள வேறுபாடு தெலுங்கிலும் உண்டு; பாட்டியின் பேச்சு தமிழ்க் காதுக்கும் பயிற்சிதான்.

செய்தது

காதுக்கு முதலில் செய்தது காத்திருப்பு. நீர் கோத்த காதுகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தாமாகவே தெளியும். அலர்ஜி மருந்தோ மூக்கடைப்பு மருந்தோ இதற்கு உதவாது. காய்ச்சலும் சீழும் இல்லாதபோது ஆன்டிபயாடிக் தேவையில்லை. மூன்று மாதம் கழித்தும் இரு காதிலும் நீரும் கேட்டல் குறைவும் நீடித்தால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றி முடிவு. இடைப்பட்ட காலத்தில் காதில் எண்ணெய் விடக்கூடாது. படுத்துப் பால் குடிப்பது நிறுத்தம், தம்ளருக்கு மாற்றம். அப்பாவின் பீடியும் வெந்நீர் அடுப்பின் புகையும் அவன் இருக்கும் பக்கம் வரக்கூடாது. மலையிலிருந்து இறங்கும்போது தூங்கவிடாமல், சில வளைவுகளுக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர். விழுங்கும்போதுதான் அந்தக் குழாய் திறக்கும்.

பாட்டிக்குச் சொன்னது ஒன்றே: தெலுங்கை மறுபடி தொடங்குங்கள். அவருடைய தமிழ் சந்தைத் தமிழ். தமிழில் பேசச் சொன்ன ஆறு வாரமும் பேரனிடம் "வா, சாப்டு, வேணாம்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிட்டது. கதையும் கேலியும் கொஞ்சலும் அவரிடம் தெலுங்கில்தான் இருந்தன. ஒரு மொழியை நிறுத்தியதாகக் குடும்பம் நினைத்தது. நின்றது பகல் முழுதும் கூட இருந்த ஆளின் பேச்சு.

அமைதி நேரங்களை நாளுக்குள் தேடினோம். தறி தொடங்குமுன் ஆறரை முதல் ஏழேகால், மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கும் முக்கால் மணி, இரவுக் குளியலும் சாப்பாடும். வருமானத்தை நிறுத்தச் சொல்லும் திட்டம் எந்த வீட்டிலும் ஒரு வாரத்தைத் தாண்டாது, அதனால் தறியைத் தொடவில்லை. மற்ற நேரத்தில் கொட்டகைக் கதவு மூடியிருக்கும், கதவின்மேல் பழைய மெத்தை. பாட்டி–பேரன் இடம் தெருப்பக்க அறைக்கு மாறியது. பேசும்போது தரையில் உட்கார்ந்து, முகம் அவன் முகத்துக்கு நேராக, அரை மீட்டருக்குள். தூரம் பாதியானால் பேச்சு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். செலவே இல்லாத கருவி இதுதான்.

இலக்குச் சொற்களைப் பெயர்களாக அடுக்கவில்லை, ஒன்றோடொன்று சேரக்கூடியவையாக எடுத்தோம். அம்மாவுக்கு: குடு, வேணாம், இன்னும், போதும், தொற, மூடு, ஏறு, எறங்கு, ஊத்து, காணோம். பாட்டிக்கு: வத்து (வேண்டாம்), சாலு (போதும்), எக்கு (ஏறு), திகு (இறங்கு). 'நீள்ளு' ஏற்கெனவே உண்டு, அதோடு 'வத்து' வந்தால் வாக்கியம் ஆயிற்று. ஒரு வேலையின் ஊடே ஒரு சொல்லைப் பத்துப் பதினைந்து முறை அவன் கேட்க வேண்டும், திருப்பிச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. குளிப்பாட்டும்போது "ஊத்து… தலைக்கு ஊத்து… காலுக்கு ஊத்து" என்று சொல்லிவிட்டு, சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி ஐந்து முதல் பத்து நொடி சும்மா இருப்பது. அவன் "ஊ" என்றால் உடனே ஊற்றி, "ஆமா, தண்ணி ஊத்து" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பித் தருவது. நண்டூறுது நரியூறுது விளையாட்டும் இதே இயந்திரம்தான்: விரல் அக்குளுக்குப் போகுமுன் நிறுத்தினால் அடுத்ததை அவன் கேட்டாக வேண்டும்.

கைப்பேசி நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரமே மேல்வரம்பு என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்தில் சீன மாண்டரின் ஒலிகளை நேரில் பேசிக் காட்டியபோது கற்றார்கள், அதையே திரையில் காட்டியபோது கற்கவில்லை என்று பட்ரீஷியா கூலின் குழு 2003இல் கண்டது. பாட்டுக் காணொளி பார்த்துப் பேச்சு வரும் என்ற நம்பிக்கையை இதை வைத்துத்தான் பேசித் தணிக்க வேண்டியிருந்தது.

எங்கே பிசகியது

முதல் மாதம் அம்மா இதைப் பரீட்சையாக்கிவிட்டார். பத்து நிமிட ஒலிப்பதிவில் அவர் பேசிய 41 பேச்சில் 29 கேள்வியோ கட்டளையோ: "இது என்னா?", "சொல்லு, பந்து சொல்லு", "அத்தைக்குச் சொல்லிக் காட்டு". பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினான். தெரியாததைச் சொல்லச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அந்தப் பதிவையே அவருக்குப் போட்டுக் காட்டி, கேள்வி வரும் இடத்தில் சொல்லை வைக்கப் பழக்கினோம்: "இது என்னா?" என்பதற்குப் பதில் "பந்து… உருளுது". அடுத்த மாதப் பதிவில் கேள்வியும் கட்டளையும் 11.

பாட்டிக்குத் தயக்கம் நீங்க இன்னும் நாளானது. பள்ளியில் சொன்னதை மீறுகிறோமோ என்ற பயம். அவன் "நீள்ளு வேணாம்" என்று இரு மொழியையும் சேர்த்துச் சொன்ன அன்று 'கொழம்பிட்டான்' என்று வீடே கவலைப்பட்டது. அதுதான் அவனுடைய முதல் இரு சொல் வாக்கியம். ஒரு மொழியில் கைக்கு எட்டாத சொல்லை இன்னொன்றிலிருந்து எடுப்பது இரு மொழிப் பிள்ளைகளின் வழக்கம். பெரியவர்களும் சேலம் கடைவீதியில் அதைத்தான் செய்கிறார்கள்.

மறுபார்வை

30 மாதம்: வலது காது இன்னும் பி வகை. இடது சி வகை, அழுத்தம் மைனஸ் 220 டெகாபாஸ்கல். நீர் வடிந்து, தொண்டையோடு இணைக்கும் குழாய் மட்டும் மந்தம். கேட்டல் 20 முதல் 25. ஒரு காதாவது தெளிந்ததால் செவிப்பறையில் குழாய் வைக்கும் யோசனை ஒத்திவைக்கப்பட்டது. சொற்கள் 34இலிருந்து 108. இரு சொல் சேர்க்கை 14 வகை. பின்னாலிருந்து கேட்கும் சோதனையில் பத்துக்கு ஏழு.

33 மாதம்: இரு காதும் ஏ வகை, அதாவது இயல்பு, கேட்டல் 20. சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டு, விளையாட்டின்போது 50 பேச்சுகளைப் பதிந்து சராசரி எடுத்தோம்: ஒரு பேச்சுக்கு 2.4 சொல். "தாத்தா வண்டில போச்சு", "எனக்கு இன்னும் ஊத்து". வேற்றுமை ஈறுகள் வரத் தொடங்கிவிட்டன. "அக்கா வந்துச்சு" என்றதைப் பிழையாகக் குறிக்கக் கூடாது. சேலத்துப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சப்பாத்தி 'தப்பாத்தி'யாகவும், காக்கா 'தாத்தா'வாகவும் இருந்தன, பின்னதால் வீட்டில் சிரிப்பு. க–த மாற்றம் மூன்று, மூன்றரை வயதுக்குள் போக வேண்டும். ர இன்னும் பொறுக்கலாம். ழ கணக்கிலேயே இல்லை, அந்த வீட்டில் யாருக்கும் அது ள தான்.

வீட்டுப் பயிற்சி மாதம் ஒரு சந்திப்பாகக் குறைக்கப்பட்டது. சளி பிடித்து மூன்று வாரத்துக்கு மேல் பேச்சு மந்தமானால், அல்லது மறுபடி ரிமோட்டை நீட்டினால், தவணைக்குக் காத்திராமல் டிம்பனோமெட்ரி. எப்படியும் எல்.கே.ஜி. சேருமுன் ஒருமுறை இரு காதும் தனித்தனியே. வகுப்பில் முன்வரிசை இடம். 42 மாதத்தில் க இன்னும் த ஆகவே இருந்தாலோ, வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பேச்சில் பாதிக்கு மேல் புரியாவிட்டாலோ ஒலிப் பயிற்சி தனியே தொடங்கும். அரசு வழியில் போக விரும்பும் குடும்பங்களுக்கு, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு தருவார்கள். செவிக்குறையும் மொழித் தாமதமும் அந்தத் திட்டப் பட்டியலில் உள்ளவை.